மெடிக்ளைம் மறுக்கப்பட்டால்: ஆம்புட்ஸ்மேனா, நுகர்வோர் ஆணையமா?

மருத்துவமனைச் செலவைத் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டால், பாலிசிதாரர் முறையிட நம் நாட்டில் முக்கியமாக இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். மற்றொன்று, நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டும் சாமானியருக்காக ஏற்பட்டவை. இரண்டிலும் வக்கீல் வைக்காமலே நுழையலாம். இரண்டும் ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றே விதிகள் கூறுகின்றன. அதனால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று எண்ணத் தோன்றும்.

உள்ளே போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தில் வழக்குப் போட்டவர் அதே விஷயத்தை ஆம்புட்ஸ்மேனிடம் கொண்டுபோக முடியாது. இது ஒருவழிப் பாதை. ஆகவே ‘எது சிறந்தது’ என்று கேட்பதைவிட ‘எதற்கு முதலில் போவது’ என்று கேட்பதே பயன் தரும். அந்தக் கேள்விக்கு விடை காண இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதல் படி இரண்டுக்கும் பொது

எங்கே போவதானாலும் நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போதே ‘கேஷ்லெஸ் மறுக்கப்பட்டது’ என்று டிபிஏ (நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை அமைப்பு) மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பினால், க்ளெய்மே போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மறுக்கப்பட்டது முன் அனுமதி மட்டுமே. கையிலிருந்து பணம் கட்டிவிட்டு, பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் இணைத்து ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதையும் மறுத்தாலோ, ஒரு பகுதியை வெட்டிக்கொண்டு மீதியைக் கொடுத்தாலோ அப்போது முறையீட்டுக்கான காரணம் முழுமையாகிறது.

2024 மே 29 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ வெளியிட்ட உடல்நலக் காப்பீட்டுச் சுற்றறிக்கை இந்த மறுப்புக் கடிதத்துக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. எந்த க்ளெய்மையும் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு பார்த்து ஒப்புதல் தராமல் நிராகரிக்கக் கூடாது. முழுவதும் மறுத்தாலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டினாலும், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ‘விதிகளின்படி ஏற்க இயலாது’ என்று ஒரே வரியில் கடிதம் வந்தால், எந்த விதி என்று எழுத்தில் கேட்பதே முதல் வேலை.

அந்தக் காரணம் எழுத்தில் இருப்பதால் ஒரு பெரிய நன்மை உண்டு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை நிறுவனம் பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று 2019-இல் ஒரு தொழிற்சாலைக் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கொள்கை மெடிக்ளைம் வழக்குகளிலும் கைகொடுக்கிறது. எதிராளி எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைக் கடிதமே கட்டிப்போட்டுவிடுகிறது.

அடுத்த படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுப்பது. ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவானது நிறுவனத்துக்கே போகிறது. பதில் வருகிறதா என்று ஒழுங்குமுறை அமைப்பு கண்காணிக்கும், ஆனால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லாது. ஆம்புட்ஸ்மேனிடம் போக இந்தப் படி கட்டாயம். நுகர்வோர் ஆணையத்துக்குச் சட்டப்படி இது கட்டாயம் இல்லை என்றாலும், எழுதிக் கேட்டும் நிறுவனம் அசையவில்லை என்பதற்கு அதுவே சான்றாகும்.

பிறப்பிலேயே உள்ள வேறுபாடு

நுகர்வோர் ஆணையத்தின் வேர் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் காப்பீட்டையும் ஒரு ‘சேவை’ என்று பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது. இன்று நடைமுறையில் உள்ளது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. ஆணையம் ஒரு நீதி அமைப்பு. மாவட்ட ஆணையத்தில், மாவட்ட நீதிபதியாக இருந்தவரோ அந்தத் தகுதி உள்ளவரோ தலைவராகவும், குறைந்தது இருவர் உறுப்பினராகவும் இருப்பார்கள். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று அடுக்கு. தமிழகத்தில் மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, மதுரையில் அதன் கிளை அமர்வு இருக்கிறது.

ஆம்புட்ஸ்மேன் பிறந்தது 1998 நவம்பரில், மத்திய அரசின் விதிகளால். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் களத்துக்கு வருவதற்கும் முந்தைய காலம் அது. பின்னர் 2017-இல் புதிய விதிகள் வந்தன. 2021-லும் 2023-லும் அவை திருத்தப்பட்டன. காப்பீட்டுத் துறையிலோ ஆட்சிப் பணியிலோ நீதித் துறையிலோ அனுபவம் பெற்ற ஒருவர் தனியாக அமர்ந்து தீர்ப்பளிப்பார். சென்னை ஆம்புட்ஸ்மேனின் எல்லைக்குள் தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரி நகரமும் காரைக்காலும் வருகின்றன. மாகே கொச்சி அலுவலகத்துக்கும், ஏனாம் ஹைதராபாத் அலுவலகத்துக்கும் உட்பட்டவை.

இந்த ஆம்புட்ஸ்மேன் அலுவலகங்களின் செலவைக் காப்பீட்டு நிறுவனங்களே ஏற்கின்றன. ‘அவர்கள் காசில் நடக்கும் அலுவலகம் நமக்கு நியாயம் சொல்லுமா’ என்ற ஐயம் இதிலிருந்தே பிறக்கிறது. ஐயத்தில் பொருள் இல்லாமல் இல்லை. 2021 திருத்தத்தில் தேர்வுக் குழுவுக்குள் நுகர்வோர் உரிமைக்காக உழைத்த ஒருவரைச் சேர்த்ததற்கும் இதுவே பின்னணி என்று கொள்ளலாம். ஆனால் ஆம்புட்ஸ்மேனின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், புகார்தாரரைக் கட்டுப்படுத்தாது. ஐயத்துக்கு விதிகள் தரும் பெரிய மருந்து அந்த ஏற்பாடுதான். பாதகமாக வந்தால் புகார்தாரர் அதை ஒதுக்கிவிட்டு ஆணையத்துக்கு நடக்கலாம்.

எவ்வளவு தொகை வரை?

ஆம்புட்ஸ்மேனுக்கு உச்சவரம்பு உண்டு. 1998-இல் 20 லட்சம் ரூபாய், 2017-இல் 30 லட்சம், 2023 நவம்பர் திருத்தத்துக்குப் பின் 50 லட்சம். மெடிக்ளைம் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை, நீண்ட கால ஐசியூ போன்ற சில பெரிய பில்கள்தான் இதை மிஞ்சக்கூடும்.

ஆணையத்தில் கணக்கே வேறு. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை, மாநில ஆணையம் அதற்கு மேல் 2 கோடி வரை, தேசிய ஆணையம் அதற்கும் மேல். ஆனால் 2019 சட்டப்படி இந்த வரம்பு கேட்கும் இழப்பீட்டை வைத்து அளக்கப்படுவதில்லை. சேவைக்காக நுகர்வோர் கொடுத்த விலையை வைத்து அளக்கப்படுகிறது. காப்பீட்டில் அந்த விலை என்பது பிரீமியம். ஆண்டுக்கு 30 ஆயிரம் பிரீமியம் கட்டியவர் 60 லட்சம் க்ளெய்ம் கேட்டாலும் அவர் போக வேண்டியது மாவட்ட ஆணையத்துக்கே. இந்த அளவுகோல் செல்லாது என்று தொடுத்த வழக்கில், செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆகவே நடைமுறையில் ஏறக்குறைய எல்லா மெடிக்ளைம் வழக்குகளும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். அது பாலிசிதாரருக்கு வசதிதான். வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருப்பதால் அங்கே அலைய வேண்டியதில்லை.

செலவும் நடைமுறையும்

ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் ஒரு பைசா கிடையாது. பாலிசிதாரரோ அவருடைய வாரிசோ நாமினியோ நேரில் முறையிடலாம். வக்கீல் மூலம் புகார் தர இடமில்லை. மனுவைத் தபாலிலோ இணையத்திலோ அனுப்பலாம். 2021 முதல் வீடியோ வழியாகவும் விசாரணை நடத்த விதி இடம் தருகிறது. நிறுவனம் தன் அதிகாரியை அனுப்பும். மேசையின் இரு பக்கமும் கறுப்பு அங்கி இல்லாத விசாரணை என்பதால், சட்டம் தெரியாதவருக்குத் தயக்கம் குறைகிறது.

ஆணையத்திலும் கட்டணம் பெயரளவுக்குத்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமே இல்லை. மெடிக்ளைமில் அந்த விலை பிரீமியம்தான் என்பதால் பெரும்பாலோருக்கு இலவசம் என்றே சொல்லிவிடலாம். 2025 தொடக்கத்தில் வந்த ‘இ-ஜாக்ரிதி’ தளத்தின் வழியே வீட்டிலிருந்தே வழக்கைப் பதிவு செய்யலாம். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. சட்டம் வக்கீலைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும் எதிர்த் தரப்பில் அனுபவமுள்ள வக்கீல் நிற்பார். மனு, எதிர் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்களுக்குக் குறியீடு, எழுத்து வாதம் என்று வரிசையாக வரும்போது, தனியாளாக வந்தவர் பாதி வழியில் ஒரு வக்கீலைத் தேடிக்கொள்கிறார். அந்தக் கட்டணமும், வாய்தாவுக்கு வாய்தா எடுக்கும் விடுப்பும்தான் உண்மையான செலவு. 40 ஆயிரம் ரூபாய் வெட்டுக்காக ஆணையத்துக்குப் போவது கைக்குக் கட்டுப்படியாகுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

காலக்கெடு: ஏட்டிலும் நடப்பிலும்

ஆம்புட்ஸ்மேனிடம் போக நிபந்தனை இது: நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அதை நிறுவனம் நிராகரித்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதமாகியும் பதில் வராமலோ வந்த பதில் திருப்தி தராமலோ இருக்க வேண்டும். அதன்பின் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆம்புட்ஸ்மேன் சமரசம் செய்து ஒரு மாதத்தில் பரிந்துரை தருவார். இல்லையேல், தேவையான ஆவணங்கள் அனைத்தும் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் தீர்ப்பு.

ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் கேட்கலாம். அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் ஒரு தரப்பு காப்பீட்டு நிறுவனம்தான். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

நடப்பு வேறு. தலைவர், உறுப்பினர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதால் ஆணையங்கள் முடங்குவதை 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மாவட்ட ஆணையத்தில் வென்றாலும் கதை முடிவதில்லை. நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் என்று எழுதியிருப்பது ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். ஆம்புட்ஸ்மேனிடம் ஆவணங்கள் சரியாக இருந்தால் மாதக்கணக்கில் முடிவு வர வாய்ப்பு அதிகம். வேகம் என்ற தட்டில் தராசு தெளிவாகவே ஆம்புட்ஸ்மேன் பக்கம் தாழ்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆணையத்துக்கான இரண்டு ஆண்டை மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. ஆம்புட்ஸ்மேன் விசாரணைக்காகச் செலவான காலம் தானாகக் கழிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடத்தியே ஓராண்டைக் கழித்துவிட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகிறவருக்கு, பாதகமான முடிவு வந்தால் மிஞ்சும் நாட்கள் குறைவு. மறுப்புக் கடிதம் வந்த முதல் மூன்று மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மேன் மனு போய்விட்டால், இரண்டாவது பாதை தாராளமாகத் திறந்திருக்கும்.

கையில் என்ன கிடைக்கும்?

ஆம்புட்ஸ்மேன் பாலிசிப்படி வர வேண்டிய தொகையைத் தரச் சொல்வார். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைவிட 2 சதவீதம் கூடுதலான வட்டியும் கணக்கில் வரும். நேரடியாக ஏற்பட்ட இழப்புக்கு மேல் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தர விதி இடம் தரவில்லை. மருத்துவமனையில் பணம் கட்ட நகையை அடகு வைத்த அவதி, டிஸ்சார்ஜ் தாமதமாகி வார்டில் காத்திருந்த அவமானம் இவற்றுக்கெல்லாம் அங்கே விலை கிடையாது.

ஆணையத்தில் உண்டு. க்ளெய்ம் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, தேவையென்றால் தண்டனைத் தன்மையுள்ள இழப்பீடும் கேட்கலாம். மறுப்பு வெறும் கருத்து வேறுபாடாக இல்லாமல் அலட்சியமாகவோ அடாவடியாகவோ இருந்தால், அதைச் சேவைக் குறைபாடு என்று பதிவு செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. மன உளைச்சலுக்குத் தரப்படும் தொகை பல நேரம் சிறியதுதான். அந்தத் தொகைக்காக மட்டும் நீண்ட வழக்கை ஏற்பதா என்பது அவரவர் முடிவு.

தீர்ப்பின் பிடி

ஆம்புட்ஸ்மேன் தீர்ப்புக் கிடைத்த 30 நாளில் நிறுவனம் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் புகார்தாரருக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் தர வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விதிகளில் நிறுவனத்துக்கு வழி இல்லை. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்வதுதான் ஒரே வாய்ப்பு. அப்படிப் போவது விதிவிலக்கான வழக்குகளில்தான்.

ஆணையத்தின் உத்தரவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேல்முறையீட்டுக்குப் போகும் நிறுவனம், உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். பல் கூர்மை ஆணையத்துக்கு அதிகம்தான். ஆனால் அந்தப் பல் கடிப்பதற்கு முன் நிறுவனத்துக்குப் படிப்படியான மேல்முறையீடுகள் இருக்கின்றன. ஆம்புட்ஸ்மேனிடம் அந்தப் படிகளே இல்லை. புகார்தாரர் வென்றால் அநேகமாக அன்றே முடிந்தது.

சமரசப் பரிந்துரையில் மட்டும் கவனம் வேண்டும். அதை ஏற்பதாக 15 நாளுக்குள் எழுதிக் கொடுக்கும்போது, ‘முழுமையான, இறுதியான தீர்வாக’ ஏற்றுக்கொள்கிறேன் என்றே எழுதிக் கொடுக்கிறோம். அதன்பின் மீதித் தொகைக்கு ஆணையத்துக்குப் போக முடியாது. மூன்று லட்சம் கேட்ட இடத்தில் இரண்டு லட்சத்துக்குச் சமரசம் வந்தால், கையிலுள்ள ஆவணங்களின் பலத்தை எடை போட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வகை மறுப்புகள்

பொதுவான ஒப்பீடு இவ்வளவு. எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். அடிக்கடி வரும் மூன்று வகைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை, கணக்கு வெட்டு. பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய் என்று இருக்க, நோயாளி 10,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த பில் 3 லட்சம்: அறை 50,000, அறுவைச் சிகிச்சை நிபுணர், தியேட்டர், நர்சிங் கட்டணம் 1,10,000, மருந்தும் உபயோகப் பொருட்களும் 60,000, உள்ளே பொருத்திய கருவி 50,000, பரிசோதனைகள் 30,000. நிறுவனம் எல்லாவற்றையும் பாதியாக்கி 1,50,000 அனுப்புகிறது. ஆனால் 2020-இல் ஐஆர்டிஏஐ வகுத்த நெறிமுறைப்படி மருந்து, உபயோகப் பொருள், பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதாசார வெட்டைப் போடக் கூடாது. பாலிசி வாசகங்களும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. சரியான கணக்கு அறைக்கு 25,000, மருத்துவக் கட்டணத்துக்கு 55,000, மற்றவற்றுக்கு முழுசாக 1,40,000, ஆக 2,20,000. வித்தியாசம் 70,000 ரூபாய். அறைக்குத் தகுந்தபடி கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால் அந்த 55,000 வெட்டுக்கும் இடமில்லை. இதற்குச் சாட்சி வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம். பில்லும் பாலிசியும் போதும். இந்த வகைக்கு ஆம்புட்ஸ்மேன்தான் சரியான இடம்.

இரண்டாம் வகை, ‘அட்மிஷனே தேவையில்லை’ என்பது. காய்ச்சலுக்கோ நெஞ்சு வலிக்கோ இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தவரிடம், பரிசோதனைக்காகவே சேர்ந்தீர்கள், புறநோயாளியாகவே பார்த்திருக்கலாம் என்கிறார்கள். மறுப்புக் கடிதத்தில் ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்று குறிப்பிட்டிருந்தால் பொருள் இதுதான். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் சிகிச்சை அளித்த டாக்டர். ஆக்சிஜன் அளவு, ரத்தத் தட்டணு எண்ணிக்கை, ஏற்றிய ஊசி மருந்து, மணிக்கு மணி கண்காணித்த சார்ட் ஆகியவற்றைச் சுட்டி, ஏன் அட்மிட் செய்தேன் என்று அவர் எழுதித் தரும் கடிதமே ஆயுதம். அந்தக் கடிதமும் கேஸ் ஷீட் நகலும் கையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேனிடமே போகலாம். டாக்டர் எழுதித் தர மறுத்தாலோ, நிறுவனத்தின் டாக்டர் எதிர்க் கருத்துத் தந்திருந்தாலோ, பிரமாணப் பத்திரம் கேட்டு நிபுணர் கருத்தையும் எடை போடக்கூடிய ஆணையம் பொருத்தமாக இருக்கும்.

மூன்றாம் வகைதான் சண்டை மிகுந்தது: முன்பே இருந்த நோயை மறைத்தார் என்பது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை அவசர சிகிச்சைப் பிரிவில் யார் சொன்னார்கள், யார் எழுதினார்கள், பத்து மாதம் பத்து ஆண்டாக மாறியதா என்று யாருக்கும் தெரியாது. இந்த வகையில் சட்டம் இரு பக்கமும் வெட்டும். காப்பீடு நம்பிக்கை ஒப்பந்தம், தெரிந்த நோயை மறைத்தால் மறுக்கலாம் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. நோய் விவரங்களைத் தெரிந்துகொண்டு, ஆராய்ந்து பாலிசி கொடுத்த நிறுவனம் பிறகு அதையே காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் பாலிசிதாரர் பக்கம் நின்றது. இரண்டுக்கும் நடுவில் தீர்மானிப்பது முன்மொழிவுப் படிவத்தில் என்ன கேட்டார்கள், என்ன எழுதினோம் என்பதுதான். ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டவர்கள் அதன் நகலை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு எளிய கேடயமும் இருக்கிறது. ஒரு பாலிசியைத் தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்து வந்தால், அதன்பின் மறைத்தார் என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. மோசடியை நிரூபித்தால்தான் முடியும். முன்பு எட்டு ஆண்டாக இருந்த இந்தக் காலத்தை 2024 ஏப்ரலில் ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். ஐந்து ஆண்டு தாண்டியவருக்கு இது ஆவணத்திலேயே முடியும் விவகாரம், ஆம்புட்ஸ்மேன் போதும். தாண்டாதவர், கேஸ் ஷீட்டில் எழுதியதையே மறுப்பவர், குறிப்பு எழுதிய டாக்டரைக் கேள்வி கேட்க வேண்டியவர் ஆணையத்தை நாடுவது நல்லது. அங்கும் எல்லை உண்டு. கடுமையான மோசடி, போலி ஆவணம் போன்ற சர்ச்சைகளைச் சுருக்க விசாரணை நடத்தும் ஆணையம் தீர்க்க முடியாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவை சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

எதற்கு முதலில்?

வேகம், செலவு, எளிமை, மேல்முறையீட்டு அலைச்சல் இன்மை ஆகிய நான்கிலும் ஆம்புட்ஸ்மேன் முந்துகிறார். இழப்பீட்டின் அகலம், சாட்சிகளை ஆராயும் வசதி, உத்தரவை மீறினால் தண்டிக்கும் அதிகாரம் ஆகிய மூன்றில் ஆணையம் முந்துகிறது. தோற்றாலும் ஆணையத்துக்குப் போகும் உரிமை பறிபோகாது என்பது ஆம்புட்ஸ்மேன் பக்கம் இன்னொரு கல்லைக் கூட்டுகிறது. ஆக, க்ளெய்ம் 50 லட்சத்துக்கு உட்பட்டு, ஆவணங்கள் பேசக்கூடியவையாக இருந்தால் முதலில் ஆம்புட்ஸ்மேன். அங்கே கிடைக்காததற்குப் பிறகு ஆணையம். இதுவே பொது விதி.

நான்கு பேர் மட்டும் நேரே ஆணையத்துக்குப் போகலாம். க்ளெய்ம் 50 லட்சத்தைத் தாண்டியவர். ஆம்புட்ஸ்மேனுக்கான ஓராண்டைத் தவறவிட்டவர். நிறுவனத்தின் நடத்தையால் பட்ட துன்பத்துக்கும் இழப்பீடு வேண்டும் என்பவர். டாக்டர்களின் சாட்சியம் இல்லாமல் உண்மையை நிறுவ முடியாதவர். மற்றவர்கள் அவசரப்பட்டு ஆணையத்தில் வழக்கைப் பதிந்தால், இலவசமாகக் கிடைத்த ஒரு வாய்ப்பைத் தாமே அடைத்துக்கொள்கிறார்கள்.

எந்த வழியானாலும் கோப்பு ஒன்றுதான்: பாலிசியின் முழு வாசகம், முன்மொழிவுப் படிவத்தின் நகல், கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, வகைப்படுத்திய பில், மறுப்புக் கடிதம், நிறுவனத்துக்கு அனுப்பிய புகாரும் அதன் ஒப்புகையும். மருத்துவமனையை விட்டு வரும் நாளிலேயே கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுப்புக் கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். ஆணையத்துக்கான இரண்டு ஆண்டுக் கடிகாரத்தை அந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்; ஆம்புட்ஸ்மேனுக்கான ஓராண்டு, புகாரை நிறுவனம் நிராகரித்ததிலிருந்தோ பதிலில்லாமல் ஒரு மாதம் கழிந்ததிலிருந்தோ ஓடுகிறது.